தடுப்பூசிக்குப் பின் கை கால் மதமதப்பு: எதற்குப் பயப்பட வேண்டும், யாரிடம் போக வேண்டும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். இடது கையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டு 11 நாள் ஆகிறது. மூன்றாம் நாள் அந்தக் கையில் ஊசி குத்துகிற மாதிரி ஆரம்பித்தது, ஒரு வாரத்தில் இரண்டு உள்ளங்கால்களிலும் எரிச்சலும் மதமதப்பும் வந்தது, இப்போது கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கிறது. குடும்ப மருத்துவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு "பதற்றம்தான்" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். இணையத்தில் தேடினால் கில்லன் பாரே என்கிற நரம்பு நோயின் பெயர் வருகிறது, தூக்கம் போய்விட்டது. நீங்கள் கேட்டது "இது தடுப்பூசியால் வந்ததா?" என்று. ஆனால் திரும்பப் படித்தால், இது ஆபத்தா, சரியாகிவிடுமா, என்னை யாராவது ஒழுங்காகப் பரிசோதிப்பார்களா என்கிற கேள்விகள்தான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கின்றன என்று தோன்றுகிறது. நான் நரம்பியல் மருத்துவர், இதே மாதிரி பயத்தோடு வருகிறவர்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். காரணத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். இன்றைக்கு நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுக்குக் காரணம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது பலம் குறைகிறதா என்பதை. மதமதப்பு, எரிச்சல், கூச்சம் எல்லாம் தொல்லைதான், ஆனால் அவை மட்டும் இருந்தால் பெரும்பாலும் நாள் கணக்கில் நிதானமாகப் பரிசோதிக்க நேரம் இருக்கிறது. பலம் குறைந்தால் அப்படி இல்லை. நேற்று ஏறிய படியில் இன்றைக்குக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, நடக்கும்போது கால் மடங்குகிறது, செருப்பு காலில் நிற்கவில்லை, தண்ணீர் விழுங்கினால் புரையேறுகிறது, பேச்சு மூக்கால் வருகிறது, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது: இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை இத்தோடு நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவு என்றாலும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கினது போன்ற உணர்வு, அதற்குக் கீழே மரத்துப்போவது, இவை தண்டுவடத்தில் அழற்சி இருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். அவையும் அதே பட்டியலில்தான். முகம் ஒரு பக்கம் கோணினாலும் காத்திருக்கக் கூடாது. நெற்றியைச் சுருக்க முடியாமல், கண்ணையும் மூட முடியாமல் போனால் பெரும்பாலும் முகவாதம். அதற்கு ஸ்டீராய்டை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நெற்றி நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணினால் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம், அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கில்லன் பாரே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெயரைக் கேட்டுப் பயப்படுவதைவிட அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருப்பது நல்லது. 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய் இது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த நரம்புகளையே தாக்குகிறது. வழக்கமாகப் பாதத்தில் கூச்சமாகத் தொடங்கும், இடுப்பு முதுகு வலியும் சேர்ந்து வரலாம், சில நாட்களில் இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் பலமிழக்கும், அப்புறம் அது மேலே ஏறும். நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். மருத்துவர் சுத்தியலால் முழங்காலில் தட்டினால் கால் துள்ள வேண்டும் இல்லையா, அந்தத் துள்ளல் குறைந்துவிடும் அல்லது இருக்கவே இருக்காது. நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மூச்சுத் தசைகள் தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படலாம், அதனால்தான் சந்தேகம் வந்தாலே நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது: இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரதம், அல்லது இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றம். ஸ்டீராய்டு இதற்கு வேலை செய்யாது என்பது சோதித்துப் பார்த்து உறுதியான விஷயம், எனவே வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே நடந்துவிடுகிறார்கள். பலருக்குச் சோர்வும் வலியும் வருஷக்கணக்கில் நீடிக்கும், அதையும் மறைக்க முடியாது.

வீட்டில் ஒரு நாளைக்கு ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சுவரருகே நின்று குதிகாலால் பத்து எட்டு, முன்பாதத்தால் பத்து எட்டு. நாற்காலியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பிடியுங்கள். கழுத்தை முன்னால் மடக்கும் தசையும் மூச்சை இழுக்கும் தசையும் பெரும்பாலும் சேர்ந்தே பலமிழக்கும் என்பதால் நாங்கள் அதைக் கவனமாகப் பார்ப்போம். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே மூச்சில் சத்தமாக எண்ணுங்கள். 20-ஐ எட்டுவதற்குள் மூச்சு முட்டினால், அல்லது நேற்றைவிட இன்று கணிசமாகக் குறைந்தால், மருத்துவமனைக்குப் போக அது போதும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த நோயில் மூச்சுத் தசைகள் வெகுவாகத் தளர்ந்த பிறகுதான் அந்த எண் இறங்கும், அதுவரை 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இவை எல்லாம் நன்றாக இருந்தாலும் மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது, நாளுக்கு நாள் மாற்றம் இருக்கிறதா என்று பிடிக்க மட்டும்தான் உதவும்.

சரி, ஊசி போட்ட கைக்கு வருவோம். ஒரு கையில் மட்டும் தொந்தரவு என்றால் அதன் கதை வேறு. ஊசி நுழைந்த அந்த நொடியிலேயே கரண்ட் அடித்த மாதிரி விரல் வரை ஓடியதா என்று நான் முதலில் கேட்பேன். ஓடியிருந்தால் ஊசி ஒரு நரம்பைத் தொட்டிருக்கலாம். சரியான இடம் தோள்பட்டை எலும்பு நுனிக்கு இரண்டு மூன்று விரல் கீழே, சதை திரண்ட பகுதி. அதிகம் கீழே இறங்கினால் கை எலும்பைச் சுற்றிப் போகும் ரேடியல் நரம்பு பக்கத்தில் வந்துவிடும். அதிகம் மேலே போட்டால் தோள்மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் மருந்து இறங்கி அழற்சி உண்டாகலாம், அது நரம்புப் பிரச்சினையே இல்லை, ஆனால் இரண்டு நாளுக்குள் வலி தொடங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்க விடாமல் வாரக்கணக்கில் படுத்தும். மூன்றாவது ஒன்று, அரிது ஆனாலும் தவறவிடக் கூடாது: தோளில் தாங்க முடியாத வலி வந்து, பெரும்பாலும் இரவில், சில நாளில் வலி அடங்கும் நேரத்தில் கை பலமிழந்து சதை மெலியத் தொடங்கும். தோள் நரம்புப் பின்னலில் வரும் அழற்சி அது. தொற்றுக்குப் பிறகும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரும், தடுப்பூசிக்குப் பிறகும் வந்தது பதிவாகியிருக்கிறது, குறிப்பாக டெட்டனஸ் ஊசி. உங்களுக்கு மூன்றாம் நாள்தான் தொடங்கியது, வலியைவிடக் கூச்சம்தான் அதிகம் என்கிறீர்கள், அதனால் ஊசி நேராக நரம்பில் பட்டிருக்க வாய்ப்பு குறைவு. எந்த விரல்கள் என்று குறித்துவையுங்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விடியற்காலையில் மரத்து, கையை உதறினால் சரியானால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது கூடினால் கழுத்து எலும்பை. இவற்றில் எதற்கும் தடுப்பூசியோடு சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கை வலிக்கிறது என்று அந்தப் பக்கமே கவனமாக இருக்கும்போது, ஏற்கெனவே இருந்த ஒன்று கண்ணில் படுவது அடிக்கடி நடக்கிறது.

நரம்பு உண்மையிலேயே காயப்பட்டிருந்தால் பொறுமை தேவை. மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் சரியாகும். உள்ளிழை அறுந்திருந்தால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும், மாதத்துக்கு 3 சென்டிமீட்டர், அதாவது தோளருகே பழுதான இழை விரல் நுனியைத் தொட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு மாதத்தில் குணம் தெரியவில்லை என்றால் நிரந்தரமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் கால்கள். இரண்டு உள்ளங்கால்களிலும் எரிச்சல், பலம் நன்றாக இருக்கிறது, சுத்தியலால் தட்டும்போது வரும் அந்தத் துள்ளல், அதாவது ரிஃப்ளெக்ஸ், நன்றாக இருக்கிறது என்றால் (அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை), மெல்லிய நரம்பிழைகள் மட்டும் எரிச்சலடைந்திருக்கலாம். வலியையும் சூட்டையும் உணர்த்தும் இழைகள் அவை. நரம்பில் லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் வழக்கமான நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளைத்தான் அளக்கும், அதனால் மெல்லிய இழைகளில் கோளாறு இருந்தும் அறிக்கை நார்மல் என்று வரலாம். சின்னதாகத் தோல் எடுத்து இழைகளை எண்ணிப் பார்க்கும் சோதனைதான் அதைக் காட்டும். கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு இப்படி அவதிப்பட்ட 23 பேரை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆராய்ந்து 2022-இல் எழுதினார்கள், ஏறக்குறைய பாதிப் பேரிடம் மெல்லிய இழைப் பாதிப்புக்கு ஆதாரம் கிடைத்தது. இப்படி நடக்கலாம் என்று யோசிக்க அது இடம் தருகிறது. தடுப்பூசிதான் காரணம் என்று 23 பேரை வைத்து, ஒப்பிட வேறொரு குழு இல்லாமல், சொல்ல முடியாது. அவர்களே அப்படிச் சொல்லவில்லை. கெண்டைக்கால் துடிப்பைப் பொறுத்தவரை, பலம் குறையாமல் துடிப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது, தூக்கமின்மையும் காபியும் அதைக் கூட்டிவிடும்.

பதற்றம் என்று சொல்லப்பட்டது உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. அதில் பாதி நியாயம் உங்கள் பக்கம். பயத்தில் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் கூச்சம் வரும், இது உடலில் நடக்கிற வேதியியல் மாற்றம், கற்பனை இல்லை. ஊசி போடும் சூழலே உண்டாக்கும் உடல் எதிர்வினைகள் என்று உலக சுகாதார நிறுவனமே தனியாக ஒரு வகை வைத்திருக்கிறது. நரம்பு அறுபடாமல், மூளை உடலை இயக்கும் விதத்தில் ஏற்படும் கோளாறால் கால் இழுத்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் நடிக்கவில்லை, சரியான பயிற்சியால் தேறுகிறார்கள். ஆனால் இந்த முடிவுகள் எல்லாம் பரிசோதனையில் அதற்கான அடையாளங்களைக் கண்டு சொல்ல வேண்டியவை. ஷூவைக் கழற்றச் சொல்லாமல், சுத்தியலைக் கையில் எடுக்காமல், பதற்றம் என்று சொன்னால் அது வெறும் ஊகம்.

அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு தாள் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: ஊசி போட்ட தேதி, நேரம், தடுப்பூசியின் பெயர், தொகுதி எண், எந்தக் கை; முதல் அறிகுறி எந்த நாள், அதற்கப்புறம் எது எந்த வரிசையில்; அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்ததா; இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும். வயிற்றுப்போக்கைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் கேம்பிலோபாக்டர் என்கிற குடல் கிருமிதான் கில்லன் பாரேயை அதிகம் தூண்டிவிடுகிற ஒன்று. "எனக்குக் கில்லன் பாரே, தடுப்பூசி என்னைக் கெடுத்துவிட்டது" என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் வாதத்துக்குத் தயாராகிவிடுகிறார், இது எங்கள் தொழிலில் உள்ள குறை, இருந்தாலும் உண்மை. "மூன்றாம் நாளிலிருந்து இது, ஏழாம் நாளிலிருந்து இது, இன்றைக்கு இதைச் செய்ய முடிகிறது, இதைச் செய்ய முடியவில்லை" என்று சொன்னால் அவர் பரிசோதிக்க எழுந்துவிடுவார். தடுப்பூசியை மறைக்கவும் வேண்டாம். அப்புறம் பணிவாக, ஆனால் விடாமல் ஒன்று கேளுங்கள்: "என் ரிஃப்ளெக்ஸ் எப்படி இருக்கிறது, சீட்டில் எழுதித் தர முடியுமா?" தேதியோடு எழுதிய ஒரு நார்மல் பரிசோதனை பொன் மாதிரி, பத்து நாள் கழித்து ஏதாவது மாறினால் ஒப்பிட எங்களுக்கு அது ஒன்றுதான் இருக்கும். பரிசோதனை முழுதாக நடந்ததா என்று தெரிய ஓர் அடையாளம்: அதிரும் ட்யூனிங் ஃபோர்க்கை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) உங்கள் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து "அதிர்வு எப்போது நிற்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்வார்கள், குதிகாலில் நடக்கவிடுவார்கள். மொத்தமும் பத்து நிமிடம். குடும்ப மருத்துவர் செய்ய மறுத்தால் வேறொருவரை, அல்லது நேராக நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது.

இரத்தப் பரிசோதனைகளில் சர்க்கரை, மூன்று மாத சராசரி சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், முழு இரத்த எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் பார்ப்பது வழக்கம். கால் எரிச்சலுக்கு உலகம் முழுக்க அதிகமான காரணம் சர்க்கரை நோய். பி12 குறைவும் அடிக்கடி கண்ணில் படுவது, எளிதாகச் சரிசெய்யக்கூடியது. இங்கே ஒரு எச்சரிக்கை. பி12 அளவைப் பார்ப்பதற்கு முன் வைட்டமின் மாத்திரையை ஆரம்பித்தால் எண் ஏறிவிடும், உண்மை மறைந்துவிடும், எனவே முதலில் இரத்தம் கொடுங்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் பி6 எவ்வளவு இருக்கிறது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நரம்புக்கு நல்லது என்று விற்கிற பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்து, கால் மதமதப்பை உண்டாக்கும். நரம்புக் கடத்தல் சோதனையை மூன்றாம் நாளே அவசரப்பட்டு எடுத்து நார்மல் என்று நிம்மதி அடைய வேண்டாம், காயத்தின் முழு அடையாளங்கள் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். கில்லன் பாரேயிலும் முதல் வாரத்தில் அந்தச் சோதனையும் முதுகுத் தண்டுவட நீரும் நார்மலாக வரக்கூடும். எரிச்சலைத் தணிக்க கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, உறக்கத்தைத் திருப்பித் தரும், நரம்பை அவை குணமாக்குவதில்லை. தடுப்பூசியை உடலிலிருந்து வெளியேற்றுகிறோம் என்று விற்கப்படும் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். அப்படி வெளியேற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது காரணம். தடுப்பூசியால் நரம்புப் பாதிப்பே வராது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த பழைய ரேபீஸ் ஊசி மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சியை உண்டாக்கியது எல்லா நரம்பியல் பாடநூலிலும் இருக்கிறது, அதற்காகவே அது கைவிடப்பட்டது. 1976-இல் அமெரிக்காவில் சுமார் 4.5 கோடி பேருக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டபோது, ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் வீதம் கில்லன் பாரே கூடுதலாக வந்தது. இப்போதைய ஃப்ளூ ஊசியில் கூடுதல் அபாயம் இருந்தால் அது பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு என்ற அளவு. இதை எதோடு ஒப்பிடுவது? ஊசியே போடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு லட்சத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பேருக்கு இந்த நோய் வருகிறது, ஆக பத்து லட்சம் பேரை ஆறு வாரம் சும்மா கவனித்தாலே ஒருவருக்கோ இருவருக்கோ வந்துவிடும். ஃப்ளூ காய்ச்சலே வந்தால் அபாயம் ஊசியைவிட அதிகம். அதனால் கூட்டத்தை வைத்துப் பார்க்கும்போது ஊசிக்குப் பங்கு உண்டா என்று கணக்குப் போட முடிகிறது. ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அவருக்கு வந்தது ஊசியால் வந்த கூடுதல் ஒன்றா, எப்படியும் வந்திருக்கக்கூடிய ஒன்றா என்று பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் இல்லை. கால இடைவெளி பொருந்துகிறதா, வேறு காரணம் கிடைக்கிறதா, அதே ஊசிக்கு அதே பாதிப்பு முன்பே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து "சாத்தியம்", "சாத்தியம் குறைவு" என்று சொல்வதோடு நேர்மையான மருத்துவர் நிறுத்திக்கொள்வார். உங்கள் விஷயத்தில் காலம் பொருந்துகிறது, மற்ற காரணங்களை யாரும் தேடவே இல்லை. அவ்வளவுதான் நான் இங்கிருந்து சொல்ல முடியும்.

ஊசிதான் காரணம் என்று நிரூபிக்காமலேயே நீங்கள் புகார் பதியலாம். பெரும்பாலான நாடுகளில் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளைப் பதிவு செய்ய அமைப்பு இருக்கிறது, மருத்துவர் பதியலாம், பல இடங்களில் நோயாளியே பதியலாம். அந்தத் தாளில் எழுதிய தொகுதி எண் இங்கே பயன்படும். அப்படிக் குவிந்த அறிக்கைகளிலிருந்துதான், ஜான்சன் கோவிட் தடுப்பூசியில் சுமார் 1.25 கோடி டோஸுக்கு ஏறக்குறைய 100 கில்லன் பாரே அறிக்கைகள் வந்திருந்த நிலையில், 2021 ஜூலையில் அமெரிக்காவில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அடுத்த வருஷ ஊசியைப் பற்றி இப்போதே முடிவெடுக்காதீர்கள். ஃப்ளூ ஊசி போட்டு ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே வந்தது உறுதியானால் பொதுவாக அந்த ஊசியை மறுபடி போடுவதில்லை, அபாயம் மிக அதிகமானவர்களுக்கு மட்டும் எடை போட்டுப் பார்ப்போம். பலம் குறையாமல், தானாக அடங்கிவிட்ட கூச்சம் என்றால் வழக்கமாகத் தடையில்லை. பரிசோதனை முடிந்து அறிக்கைகள் கையில் வந்த பிறகு உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

இன்றைக்கு இரவு குதிகால் நடையையும் நாற்காலிப் பரிசோதனையையும் செய்து நேரத்தோடு எழுதிவையுங்கள், நாளைக்கு அதே நேரத்தில் மறுபடியும். ரிஃப்ளெக்ஸ் பார்த்தார்களா, எந்த விரல்கள், சர்க்கரையும் பி12-உம் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். நடையில் மாற்றம் தெரிந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.